ஏழாவது கட்டை

செவ்வந்தி டீச்சர் எங்கள் குப்பிச்சிவலசுக்கு மருமகளாக வந்து பதிமூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பதிமூன்று வருஷத்தில் தன் வீட்டுத் தறிக்குடோனுக்குள் அவள் ஒரு நாள்கூடக் காலெடுத்து வைத்ததில்லை. வீட்டு வாசலிலிருந்து குடோன் கதவு எண்ணிப் பதினெட்டு தப்படி. நான் எதிர்வீட்டுக்காரன், எண்ணியிருக்கிறேன். கேட்டால், "பஞ்சு மூக்குல ஏறுனா எனக்குத் தும்மல் நிக்காதுங்கண்ணா" என்பாள். தும்மலெல்லாம் சும்மா. எம்.சி.ஏ. படித்தவள் போய்த் தறிச் சத்தத்துக்குள் நிற்பதா என்கிற நினைப்புதான். அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அவள் அப்பாவுக்குப் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை. அந்த வாடையிலிருந்து தப்பி ஓடத்தான் அவள் படித்ததே.

புருஷன் கிருபாசங்கர் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். விடியும் முன்னால் போனால் பொழுதோட, இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவான். வீட்டுத் தறி எட்டையும் ஓட்டுவது தம்பி அருண்குமாரும் அவன் பெண்டாட்டி ராமாமணியும். ராமாமணி சோமனூர்ப் பக்கத்துப் பெண், பத்தாவது வரைக்கும் படித்தவள். தறி வீட்டில் பிறந்து தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள் என்பதால், ரகசியம் சொன்னாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். மாமியார் நாச்சியம்மாளுக்கு இரண்டு மருமகளும் ஒரு வாசலில்தான். சின்னவளை "ராமாமணி" என்று கூப்பிடுவாள். பெரியவளை மட்டும் "எங்க டீச்சரு" என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் செவ்வந்தி அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

பல்லடத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவள் கம்ப்யூட்டர் டீச்சர். சனிக்கிழமை தோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் வீட்டுக்கே டியூஷன் வருவார்கள். முன் அறையில் கரும்பலகை, பாய், ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆடி மாசம் முதல் சனிக்கிழமை அது. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்து தென்னை மட்டையையெல்லாம் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது.

"எழுதிக்கோங்க. நிரல் என்பது கணினிக்கு வழங்கப்படும் கட்டளைகளின் வரிசைப்படுத்தப்பட்ட தொகுப்பு ஆகும்."

பதினொரு பேனாவும் எழுதின. வர்ஷினி என்று ஒரு பெண். டீச்சர் இருமினால்கூட நோட்டில் எழுதிக்கொள்கிற ரகம். அவள் எழுதி முடித்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், கட்டளைன்னா கம்ப்யூட்டருக்குக் காது கேக்குமுங்களா?"

"காதெல்லாம் இல்ல. நாம எழுதறதை அது படிச்சுச் செய்யும்."

"படிச்சாப் புரியுமுங்களா அதுக்கு?"

"புரியாது. ஆனாச் செய்யும்."

"புரியாம எப்பிடிங்க டீச்சர் செய்யும்?"

செவ்வந்தி சாக்பீஸை இரண்டாக ஒடித்தாள். "இதா பாரு, மிஷின் தப்பே பண்ணாது. சொன்னதைச் சொன்ன மாதிரி செய்யும். தப்பு வந்துச்சுன்னா சொன்னவங்க மேலதான் தப்பு. மொதல்ல இதை எழுது."

வர்ஷினி அதையும் எழுதிக்கொண்டாள். புரிந்த முகமாக இல்லை.

பிள்ளைகளுக்கு மோர் கொண்டுவந்த ராமாமணி தட்டோடு கதவண்டை நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளுக்கு வராது.

"ஏனுங்க்கா, இது நம்ம டாபி மாதிரீங்களா?"

"எது?"

"அதானுங்க, தறி மேல சுத்துதே மரக்கட்டை மாலை. அதுல முளை வெக்கற மாதிரிதான பூ உழுகுது? தறிக்கு என்னத்தத் தெரியும்? புள்ளைகள ஒரு எட்டுக் கூட்டியாந்து காட்டுங்க்கா."

டீச்சர் பதில் சொல்வதற்குள் பதினொரு பேரும் எழுந்துவிட்டார்கள். பாயில் உட்கார்ந்து காலெல்லாம் மரத்துப்போன பிள்ளைகள், விட்டால் போதுமென்று ஓடின. செவ்வந்தி குடோன் கதவு வரைக்கும் போய் வெளியிலேயே நின்றாள்.

உள்ளே ராமாமணி ஒரு தறியை நிறுத்தினாள். மற்ற ஏழும் ஓடின. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் தொண்டை.

"இதா பாருங்க கண்ணுகளா. இந்த மாலைல இருவத்தினாலு கட்டை. ஒவ்வொரு கட்டைலயும் வரிசையா ஓட்டை. ஓட்டைல முளை, இதா இந்தச் சின்ன மரக்குச்சி, இருந்தா அந்தச் சட்டத்துல இருக்கற பாவு நூலு மேல போவும். இல்லீன்னாப் போவாது. நடுவால நாடா ஓடி ஊடை நூலப் போட்டுட்டு வரும். அப்பறம் அடுத்த வரிசை. இருவத்தினாலும் முடிஞ்சா மறுக்கா மொதல்லருந்து. அவ்ளோதான். தறிக்குப் பூவும் தெரியாது புட்டும் தெரியாது. தூக்கு, தூக்காத. இது ரெண்டுதான் தெரியும்."

"அப்பப் பூ எங்கீங்க இருக்குது?" என்றாள் வர்ஷினி.

"முளைய வெச்சவ மண்டைல இருக்குது கண்ணு."

அப்படியே ஒரு நிமிஷம் நின்ற பிள்ளை, "டீச்சர்! புரிஞ்சிருச்சுங்க டீச்சர்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. செவ்வந்தி சிரித்தாள். எனக்குத் தெரிந்து அவள் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் வாய் மட்டும்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகள் மாறிப்போயின. பிள்ளைகள் முக்கால் மணி நேரம் பாயில் உட்காரும். கண்ணெல்லாம் குடோன் பக்கமே இருக்கும். விட்டதும் ஓட்டம். கட்டம் போட்ட தாளில் ஆளுக்கொரு பூ வரைந்து, எந்தக் கட்டைக்கு எந்த முளை என்று கணக்குப் போட்டார்கள். வர்ஷினியின் பூதான் அச்சாக வந்தது. அதையே ஒரு தறியில் துண்டுக்குக் கரையாக ஓட்டலாம் என்று ராமாமணி சொல்லிவிட்டாள். முளை வைக்கிறதுக்கு அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஓட்டையெல்லாம் பஞ்சு அடைத்துக் கிடக்கும். முளை வரவேண்டிய ஓட்டையை மட்டும் ஊக்கால் குத்திச் சுத்தம் செய்வாள், அப்புறம் முளையை வைத்துத் தட்டுவாள். மற்ற ஓட்டைகளின் பஞ்சைத் தொடவே மாட்டாள். "பஞ்சு இருந்தா வெறும் ஓட்டைன்னு கண்ணுல பட்டுரும்" என்பாள். வர்ஷினி அதே மாதிரி குத்தி, அதே மாதிரி தட்டி, இருபத்தினாலு கட்டையையும் தானே வைத்து முடித்தாள்.

அன்று மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு. நாச்சியம்மாள் நெய்யை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "நம்ம ராமாமணிகிட்ட இத்தன சமாச்சாரம் இருக்குதுன்னு நமக்கு ஆருக்காச்சுந் தெரிஞ்சுதா? புள்ளைக அவளையும் டீச்சருங்குது!"

செவ்வந்தி நெய் வேண்டாமென்று கையைக் காட்டினாள். பொழுதோட வீட்டுக்கு வந்த கிருபாசங்கரிடம் சொல்லி அழலாம் என்று பார்த்தால் அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பரவாயில்லியே, வெளையாட்டாவே சொல்லிக் குடுத்துப்போட்டாளே" என்றான். வயிறு எரிகிறவளுக்கு எண்ணெய் ஊற்ற வெளியாள் எதற்கு?

"ஏனுங்க, நான் ஆறு வருசம் படிச்சதுக்கு அவ ஒரு மரக்கட்டையக் காட்டுனது பெருசாப் போச்சுங்களா?"

"அட, அவ உனக்கு ஒத்தாசைதான செய்யறா. இதுக்கேன் மொகத்தத் தூக்கி வெச்சுக்கற?"

பெரிய இடி புதன்கிழமை விழுந்தது. பள்ளித் தாளாளர் வேலுமணி கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங் டீச்சர், உங்க ஊட்டுல ஒரு அம்மணி தறிய வெச்சே புரோகிராம் சொல்லிக் குடுக்கறாங்களாமா? பேரண்ட்ஸெல்லாம் ஒரே பேச்சு. சனிக்கெழம நானே ரெண்டு மூணு பேரைக் கூட்டிட்டு வாரேன். நல்லாருந்துச்சுன்னா வாரத்துல ஒரு நா அந்த அம்மணிய ஸ்கூலுக்கு வரச் சொல்லுங்க. அதா, கோடிங் கிளப் கோடிங் கிளப்புன்னு நீங்க கேட்டுட்டே இருந்தீங்களே, அதை அவிங்கள வெச்சே ஆரம்பிச்சுப்போடலாம்."

மூன்று வருஷமாக அவள் எழுதி எழுதிக் கொடுத்த விண்ணப்பம் அது. அதைத் தூக்கி ராமாமணி கையில் கொடுக்கிறார். "சேரிங் சார்" என்று சொல்லிவிட்டு வந்தவள், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள் என்று, பிற்பாடு என் வீட்டுக்காரியிடம் எல்லாக் கதையையும் கொட்டியபோது அவளே சொன்னாள். உள்ளதைச் சொல்கிறேன், கேட்டபோது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஒருத்திக்கு இருக்கிறதே ஒரு பேர். அதையும் பக்கத்தில் இருக்கிறவள் சிரித்த முகமாக எடுத்துக்கொண்டு போனால்?

வெள்ளிக்கிழமை மாசாந்தரக் கரண்ட் நிறுத்தம். எட்டுத் தறியும் நின்று ஊரே காது அடைத்த மாதிரி இருந்தது. அருண்குமார் நூல் எடுக்கப் போயிருந்தான். ராமாமணியும் மாமியாரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த செவ்வந்தி, மத்தியானம் மூன்று மணிக்கு அந்தப் பதினெட்டு தப்படியும் நடந்து, பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் குடோனுக்குள் போனாள். தும்மல் வரவில்லை.

வர்ஷினியின் தறி எதுவென்று கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. தாள் அதிலேயே ஒட்டியிருந்தது, சனிக்கிழமை பிள்ளைகள் முன்னால்தான் ஓட்ட வேண்டுமென்று ராமாமணி அந்தப் பூவை இன்னும் நெய்யாமல் வைத்திருந்தாள். இருபத்தினாலு கட்டையில் ஏழாவது கட்டை. அதில் ஒரே ஒரு முளை. அவ்வளவுதான் எடுத்தாள். நாளைக்குத் தாளாளர் முன்னால் பூ கோணிப் போகட்டும், பத்தாவது படித்தவள் பவிசு தெரியட்டும் என்பதுதான் அவள் எண்ணம். அந்த முளையைக் கொண்டுவந்து சாக்பீஸ் டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தாள். அன்று பொழுதோட வலது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். கதவில் நசுங்கிவிட்டது என்றாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. வேலுமணியும் நாலைந்து பெற்றோரும் இறங்கினார்கள். பிள்ளைகள் யாராவது சாக்பீஸ் எடுக்க டப்பாவுக்குள் கை விட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் செவ்வந்திக்கு உறைத்தது. அவசரமாக முளையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தோடு குடோனுக்குள் போனாள்.

"வா கண்ணு, உன்ற பூவ நீயே காட்டு" என்று ராமாமணி வர்ஷினியை முன்னால் தள்ளினாள். தறி ஓடியது. கரையில் பூ விழ விழ வேலுமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"பாப்பா, பூவுக்கு நடுவால என்ன இது, ஒரு ஓட்டையாட்ட?"

ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் ஒரு பொட்டு விட்டுப்போயிருந்தது. ஒரு இஞ்சுக்கு ஒரு பூ, பூவுக்கு ஒரு ஓட்டை. ஓட ஓட அப்படியே வந்துகொண்டிருந்தது. ராமாமணி தறியை நிறுத்தினாள்.

"டிராயிங்ல தப்பு போட்டுட்டயா?" என்றார் வேலுமணி. "இதுக்குத்தான் கணக்கைப் பாத்துப் போடோணும்ங்கறது."

வர்ஷினியின் முகம் அப்படியே சுண்டிப்போயிற்று. அவள் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தாள். ராமாமணியை உத்தேசித்து வைத்த அடி குழந்தை மேல் விழும் என்று செவ்வந்தி யோசிக்கவே இல்லை. பொறாமை வந்தால் யோசனை எங்கே வரும்?

வர்ஷினி அழவில்லை. தாளை எடுத்து விரல் வைத்துப் பார்த்தாள். துணியில் ஊடையை எண்ணினாள். பிறகு கட்டைகளை எண்ணிக்கொண்டே போய் ஏழாவதில் நின்றாள்.

"ராமாமணியக்கா, இங்க முளை இல்லீங்க. ஆனா நான் வெச்சனுங்க. பாருங்க, இந்த ஓட்டைல பஞ்சு இல்ல. வெறும் ஓட்டையா இருந்தாப் பஞ்சு இருக்கோணுமில்லீங்க?"

ராமாமணி எட்டிப் பார்த்தாள். "ஆமாஞ் சாமி! குத்தி எடுத்த ஓட்டைதான் இது. இருந்த முளைதான் காணோம்."

தறிக்குடோனில் பதிமூன்று வருஷம் நுழையாதவளுக்கு இந்தப் பஞ்சுச் சங்கதி எப்படித் தெரியும்? செவ்வந்தி கையால் இடுப்பை மூடிக்கொண்டாள்.

"அப்பக் கழண்டு உழுந்திருக்கும், கீழ தேடுங்க" என்றான் அருண்குமார். பதினொரு பிள்ளைகளும் மண்டியிட்டு, தறிக்கு அடியில், பஞ்சுக் குப்பையில், எண்ணெய்ப் பிசுக்கில் துழாவ ஆரம்பித்தன. வர்ஷினி, தாளாளர் வருகிறாரென்று போட்டு வந்த யூனிஃபார்மோடு தறிக்கு அடியில் தவழ்ந்து போனாள். செவ்வந்தியும் குனிந்தாள். இடுப்பிலிருந்த முளை உள்ளங்கைக்கு வந்தது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம், அந்தக் கனத்தை இறக்கி வைக்க இதைவிட நல்ல நேரம் வராது.

"இதா, இங்க கெடக்குது" என்றாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். "டீச்சர்னா டீச்சர்தான்! கண்டுபுடிச்சுப்போட்டாங்க பாருங்க" என்றார் வேலுமணி. எந்தக் கைதட்டலுக்காக இத்தனை நாள் வெந்தாளோ அது கிடைத்தது. கூடவே இன்னொன்றும் அவர் சொன்னார்.

"அப்பக் கணக்குல தப்பில்ல. பாப்பாதான் லூஸா வெச்சுருக்குது. எதையும் அழுத்தமாச் செய்யப் பழகோணும் கண்ணு."

"கெட்டியாத்தானுங் சார் வெச்சேன்" என்றாள் வர்ஷினி. "நெம்பக் கெட்டியாத் தட்டுனனுங்க."

"சேரி சேரி, அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அவள் அம்மா பிள்ளையின் தலையிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டாள்.

முளையை வாங்கிய ராமாமணி அதை வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு செவ்வந்தி விரலில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். முந்தானையில் முளையை நன்றாகத் துடைத்து, ஏழாவது கட்டையில் வைத்துத் தட்டித் தறியை ஓட்டினாள். அடுத்த பூ முழுசாக விழுந்தது. கார் கிளம்பிப் போயிற்று.

பொழுதோட தறி நிறுத்தும் நேரத்துக்கு செவ்வந்தி மறுபடியும் குடோனுக்குப் போனாள். ராமாமணி துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ராமாமணி, நீ அந்த முளைய எதுக்குத் தொடச்ச?"

ராமாமணி மெதுவாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள். "கீழ உழுந்த முளைல எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமுங்க்கா. இதுல சாக்பீஸ் மாவு இருந்துச்சு."

செவ்வந்தி பிளாஸ்திரி ஒட்டிய விரலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"தெரிஞ்சும் ஏஞ் சொல்லல?"

"புள்ளைக முன்னால டீச்சரைக் காட்டிக் குடுக்கறதுங்களா? அதும் பெரிய எடத்துல இருந்து வந்தவிய முன்னால?" துணியைக் கீழே வைத்தாள். "கோவமில்லீன்னு நெனச்சுக்காதீங்க. வவுறு எரியுது எனக்கு. பூ போனாப் போவுது. அந்தப் புள்ள மொகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நானும் உங்களப் பாத்து எரிஞ்சவதானுங்க்கா. நீங்க பேக்கைத் தொங்கவிட்டுட்டு பஸ்ஸுக்குப் போறப்பெல்லாம் எரிஞ்சிருக்கேன். அத்தை வாய் நெறைய டீச்சருங்கறப்ப எரிஞ்சிருக்கேன். அதுக்குன்னு உங்க பேக்க எடுத்து ஒளிச்சு வெச்சனா?"

"நா வேலுமணி சார்கிட்டப் போய்ச் சொல்லிப்போடறேன்" என்றாள் செவ்வந்தி.

"அவருகிட்ட அப்பறஞ் சொல்லுங்க. மொதல்ல சொல்ல வேண்டிய ஆளு அவரில்ல."

அடுத்த சனிக்கிழமை வர்ஷினி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். மோர் வந்தது, எடுக்கவில்லை. எதற்கும் கை தூக்கவில்லை. செவ்வந்தி சாக்பீஸைக் கையில் எடுத்தாள், பலகையில் எதுவும் எழுதாமல் திரும்பினாள். கதவண்டை ராமாமணி தட்டோடு நின்றிருந்தாள். நான் வழக்கம்போல என் வீட்டு வாசலில்தான் இருந்தேன். காற்று அன்றைக்கு அடங்கியிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"மிஷின் தப்பு பண்ணாது, சொன்னவங்கதான் தப்புன்னு நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தனில்ல? போன வாரம் அந்த முளை தானா உழுகல. நான் புடுங்குனேன்."

வர்ஷினியின் கை பழக்கத்தில் பேனாவை எடுத்தது. எழுதாமல் கீழே வைத்தது.

"எதுக்குங்க டீச்சர்?"

"பொறாமை கண்ணு. நீங்கெல்லாம் என்னைய உட்டுப்போட்டு ராமாமணியக்கா பொறகால ஓடுனீங்கல்ல, அதப் பொறுக்க முடியல. உங்க தாளாளர்கிட்டயும் திங்கக்கெழம சொல்லப் போறேன். உங்கம்மாகிட்ட இன்னைக்கே சொல்றேன்."

வர்ஷினிக்கு அந்தப் பொறாமைக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரமாக அவள் தொண்டையில் நின்றது ஒன்றே ஒன்றுதான். எழுந்து நின்றாள்.

"அப்ப நான் லூஸா வெக்கலீங்களா டீச்சர்?"

செவ்வந்தி விரலிலிருந்த பிளாஸ்திரியை உரித்து அவள் முன்னால் நீட்டினாள். நகம் பாதி பெயர்ந்து கறுத்திருந்தது.

"இல்ல சாமி. கையில புடுங்கிப் பாத்தேன், நகந்தான் பேந்துச்சு. அப்பறம் கொறடு எடுத்தாந்துதான் புடுங்குனேன். அத்தன கெட்டியா வெச்சிருந்தே நீ."